கணக்கைக் கேட்கும் படிப்பு

எங்கள் காலனி மாலை வகுப்புக்கு வரும் ப்ளஸ் 2 மாணவி போன வாரம் கேட்டாள்: “அண்ணா, துணைத்திட்டம் துணைத்திட்டம்னு பேசுறீங்களே, அந்தப் பணத்தை எதுக்குச் செலவழிக்கணும்னு முடிவு பண்றது யாரு? அதுக்கு என்ன படிக்கணும்?”

முதல் கேள்வி நமக்குப் பழையது. மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்ற சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80இலேயே வந்துவிட்டது. அந்த நிதி செலவாகாமல் கிடப்பதையும், பொதுத் திட்டங்களின் கணக்கில் எழுதப்படுவதையும் எதிர்த்து மேடைதோறும் பேசிவருகிறோம். 2024இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் சட்டம் தானாக பட்ஜெட்டைப் படித்துக் கேள்வி கேட்காது. படிக்கத் தெரிந்த நம் ஆட்கள் வேண்டும்.

அதற்கான படிப்புதான் பொதுக்கொள்கை. பொருளியல், சட்டம், நிர்வாகம், புள்ளிவிவரம் எல்லாம் அதில் உண்டு. இளங்கலையும் முதுகலையும் இணைந்த ஐந்தாண்டுப் படிப்பாக அது கிடைத்தால் நம் பிள்ளைகளுக்கு நல்லது. ஏனென்றால், பி.ஏ. முடித்ததும் வீடு ‘வேலைக்குப் போ’ என்கிறது. மேலே படிக்க மறுபடி நுழைவுத் தேர்வு, விண்ணப்பக் கட்டணம், விடுதிக்கு அலைச்சல். முதல் தலைமுறைப் பட்டதாரி நின்றுபோவது அந்த இடத்தில்தான்.

சென்னை ஐஐடியில் 2006 முதல் இதற்கு நெருக்கமான ஒரு வழி இருந்தது. ப்ளஸ் 2 முடித்தவர் நேராகச் சேர்ந்து, ஐந்தாண்டில் வளர்ச்சியியலில் எம்.ஏ. பெறலாம். மத்திய அரசின் இடஒதுக்கீடும் உண்டு. 2023இல் அது ஈராண்டு எம்.ஏ.வாக மாற்றப்பட்டது. இப்போது பட்டம் முடித்து, கேட் தேர்வு எழுதித்தான் நுழைய முடியும். கிராமத்துப் பிள்ளைக்கு இருந்த ஒரு கதவு சத்தமில்லாமல் மூடப்பட்டது. நாமும் கவனிக்கவில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1915இல் கொலம்பியாவில் எம்.ஏ. பட்டத்துக்கு எழுதிய ஆய்வு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றியது. ஆள்பவரின் கணக்கைப் படிப்பதில்தான் அவரும் தொடங்கினார்.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு. மாநிலப் பல்கலைக்கழகங்களில் பொதுக்கொள்கைக்கு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு வேண்டும். நுழைவுத் தேர்வு வைத்தால் தமிழிலும் வைக்க வேண்டும். இடையில் நிற்க நேர்ந்தால் மூன்றாம் ஆண்டு முடிவில் இளங்கலைப் பட்டம் தர வேண்டும். கல்வி உதவித்தொகையை ஐந்தாண்டுக்கும் சேர்த்தே அனுமதித்து, கட்டணம் கட்டும் நாளுக்கு முன் தர வேண்டும்.

“நம்ம மாவட்டத்துல இந்தப் படிப்பு எங்கண்ணா இருக்கு?” என்று அவள் அடுத்துக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியது அரசு.