தராசில் தெரியும் ஈமான்

2020 மார்ச்சில் பள்ளிவாசல்களுக்குப் பூட்டு விழுந்தது. கோட்டாறிலும் தக்கலையிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஜும்ஆ இல்லை. ரமளானில் தராவீஹ் வீட்டிலேயே. டெல்லி தப்லீக் மாநாட்டைக் காட்டி, கொரோனாவைப் பரப்பியதே நாம்தான் என்றார்கள். 'முஸ்லிம் கடையில் வாங்காதே' என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது.

இளைஞர்களே, ஆத்திரம் வரத்தான் செய்யும். ஆனால் நோயிலிருந்து குணமான தப்லீக் சகோதரர்கள் அந்த ஏப்ரலிலேயே பிற நோயாளிகளுக்காக பிளாஸ்மா கொடுத்தார்கள். வெளிநாட்டு தப்லீகினர் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்று மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை சொன்னது அதற்குப் பிறகு, ஆகஸ்ட் 21இல்தான்! தீர்ப்புக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

வியாபாரிகளே, பள்ளி பூட்டியிருந்தது; உங்கள் மளிகைக்கடை திறந்திருந்ததே! அளவிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டிக்கவே 83ஆம் அத்தியாயம் இறங்கியது. அந்த மாதங்களில் உங்கள் தராசு எப்படி நின்றது? நம்மைத் திட்டியவன் வந்து பருப்பு கேட்டபோது என்ன விலை சொன்னீர்கள்?