தொடுவானம் சூத்திரத்துக்குக் கட்டுப்படாது



தொடுவானத்திலிருந்து நட்சத்திரத்தின் உயரத்தை செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து, கப்பல் நிற்கும் இடத்தை மாலுமி கணக்கிடுகிறார். "அதற்குத்தான் அட்டவணை இருக்கிறதே, எங்கே தப்பும்?" என்கிறார்கள் சிலர். தப்பும்!

கண் 9 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் 5.3 கலை தாழ்ந்து தெரியும் என்கிறது அட்டவணை. (60 கலை ஒரு பாகை.) அது சராசரிக் காற்றுக்கான கணக்கு. சித்திரை வெயிலில் கள்ளக்குறிச்சி ரோட்டில் கானல் நீர் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஒளியை வளைக்கும் அதே வேலைதான் கடலிலும் நடக்கிறது. கடல்நீர் காற்றைவிடச் சூடாக இருந்தால் தொடுவானம் இன்னும் தாழும், குளிர்ந்திருந்தால் உயரும். காற்றின் வெப்பத்தை மட்டும் பார்த்துத் திருத்துவது பாதிக் கிணறு தாண்டுவதுதான். நீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசமே முக்கியம். ஒரு கலை பிசகினால் கணக்கு 1,852 மீட்டர் தள்ளிப்போகும்.

சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். அது எப்போது செல்லாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.