புல்லுக்கு விலை கேட்கும் முன் பெயரைக் கேளுங்கள்



உங்களில் பலர் இப்போது சொந்த வீடு கட்டிக் குடிபோகிறீர்கள். மனதுக்கு நிறைவாக இருக்கிறது. வாசலில் கொஞ்சம் புல்தரை வேண்டும் என்று நர்சரிக்குப் போனால் பெர்முடா, கொரியன், பஃபலோ, கார்பெட் என்று தேச வரைபடத்தையே விரிக்கிறார்கள். கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதை வாங்கி வந்து, நாலு மாதத்தில் மஞ்சளானதும் "சார், என்ன பண்றது?" என்று போன் செய்கிறீர்கள். என் கருத்து இதுதான்: சொல் தெரியாமல் புல் வாங்கக் கூடாது.

பெர்முடா என்பது பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்தான். தாவரவியலில் சைனோடான் டாக்டிலான். முதற்சொல்லுக்கு நாய்ப்பல் என்று பொருள், அடுத்தது விரலைக் குறிக்கும். அதன் கதிரைப் பாருங்கள், விரித்த விரல்கள் மாதிரியே இருக்கும். மைதானங்களுக்கென்று உருவாக்கிய கலப்பினங்களும் பெர்முடா என்ற பெயரிலேயே விற்கின்றன. எதுவானாலும் நல்ல வெயில் வேண்டும். மாமர நிழலில் வைத்தால் மெலிந்து போகும்.

கொரியன் என்று விற்பது பெரும்பாலும் ஜொய்சியா இனம். மெத்தை போல நெருக்கமாக வரும். ஆனால் பரவுவது மெதுவாகத்தான், பொறுமை வேண்டும். பஃபலோ என்றால் அமெரிக்காவில் ஒரு புல், ஆஸ்திரேலியாவில் முற்றிலும் வேறு புல். ஆகவே அந்தப் பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கார்பெட் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அகன்ற இலையுள்ள ஒரு புல்லுக்கே கார்பெட் கிராஸ் என்று பெயர். அது அரை நிழலைத் தாங்கும், ஈரம் கேட்கும். எந்தப் புல்லையும் மண்ணோடு பெயர்த்துப் பாய் போலச் சுருட்டி விற்பதையும் கார்பெட் என்றே சொல்வார்கள். "இது புல்லின் பெயரா, சுருட்டி விற்கும் முறையா?" என்று கேட்டுவிடுங்கள். பாயாக வாங்கினால் அன்றே தரை பச்சையாகும், செலவு கூடும். வேருள்ள துண்டுகளை அரைச் சாண் இடைவெளியில் ஊன்றினால் செலவு குறையும், தரை நிரம்பச் சில மாதம் ஆகும்.

தரைமூடி என்றால் எல்லாம் புல் அல்ல. மஞ்சள் பூப் பூக்கும் வெடிலியாவைத் தரைமூடி என்று தாராளமாக விற்கிறார்கள். உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. வேலி தாண்டிப் போனால் திரும்பப் பிடிக்க முடியாது. தரைமூடிதான் வேண்டுமென்றால் நம் பொடுதலை இருக்கிறதே! பாட்டிமார் பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சிய அதே செடி.

கோரையும் புல் அல்ல. தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை தெரியும். மண்ணுக்குள் கிழங்கு வைத்திருக்கும். புல் நடுவதற்கு முன்பே அதைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள். பிறகு எடுப்பது பெரும்பாடு.

"அருகம்புல்லே களைதானே சார்?" என்று விவசாய வீட்டுப் பிள்ளைகள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மண்ணுக்கு மேலேயும் ஓடும், கீழேயும் ஓடும். காய்கறிப் பாத்தி பக்கத்தில் இருந்தால் செங்கல்லை ஆழமாகப் பதித்து வரப்புக் கட்டுங்கள். ஆனாலும் வெயிலுள்ள வாசலுக்கு என் ஓட்டு அருகுக்குத்தான். வறட்சி தாங்கும், காய்ந்த மாதிரி தெரிந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்க்கும், பிள்ளைகள் ஓடி மிதித்தாலும் எழுந்துகொள்ளும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்? இடத்துக்கு ஒவ்வாத புல்லைக் காப்பாற்ற நாள்தோறும் போர்த் தண்ணீரைக் கொட்டுகிறோம். நம் போரில் வற்றினால் பக்கத்து வீட்டுக் கிணற்றிலும்தான் வற்றும். முற்றம் முழுக்கப் புல் வேண்டாம். சாயங்காலம் நாலு பேர் உட்காரும் அளவு போதும். மீதியில் ஒரு வேம்போ முருங்கையோ நிற்கட்டும்.

உங்கள் ஊர்ப் பக்கம் எந்தப் புல்லை என்ன பெயர் சொல்லி விற்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்