கைபேசி மாறலாம், கணக்கு மாறக் கூடாது



ஐந்தாண்டுகள் எங்கள் வீட்டில் உழைத்த ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்று சென்ற மாதம் ஓய்வு கேட்டது. காலையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் லுஹர் தொழுதுவிட்டு வருவதற்குள் பாதி தீர்ந்துவிடும். பாதுகாப்பு அப்டேட்கள் வருவதும் எப்போதோ நின்றுவிட்டது. புதியது வாங்குவது என்று முடிவானதும், ஆண்ட்ராய்டிலேயே தொடர்வதா, ஐபோனுக்கு மாறுவதா என்ற கேள்வி எழுந்தது. கல்லூரியில் படிக்கும் மகன் தயங்காமல் ஐபோன் என்றான். நாங்கள் இருவரும் பல நாட்கள் யோசித்தோம். இதே கேள்வி பல வீடுகளிலும் எழக்கூடியது என்பதால், யோசித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் காந்திபுரம் சென்று விசாரித்தோம். கடைக்காரர் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வார்த்தையாகத் தவணையைச் சொன்னார். "வட்டியே இல்லைங்க, மாசம் கொஞ்சம் கட்டினா போதும்" என்றார். எங்களுக்கு மனம் நின்ற இடம் அதுதான்.

வட்டி இல்லாத தவணை என்பது உண்மையில் என்ன? 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, வணிக வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்றும், கிரெடிட் கார்டு தவணைத் திட்டங்களில் வட்டி வேறு கட்டணங்களின் பெயரில் மறைக்கப்படுகிறது என்றும் அது சொன்னது. இன்று 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற பெயரில் கிரெடிட் கார்டில் வருவதிலும் பெரும்பாலும் வங்கி வட்டியைக் கணக்கிட்டே வசூலிக்கிறது. அந்தத் தொகைக்குச் சமமான தள்ளுபடியை விற்பவரோ தயாரிப்பாளரோ தருகிறார். அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி நம் கணக்கில் ஏறுகிறது. ரசீதில் வட்டி என்ற சொல் இருக்க, விளம்பரத்தில் மட்டும் அது இல்லை.

வட்டியை அல்லாஹ் தடுத்திருப்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். வீட்டுக் கடனுக்கும் வாகனக் கடனுக்கும் அஞ்சி ஒதுங்குகிற நாம், கைபேசி என்றவுடன் 'சிறிய தொகைதானே' என்று தளர்ந்துவிடுகிறோம். இவ்வகை ஒப்பந்தத்தின் மார்க்கச் சட்டத்தை நாங்கள் தீர்ப்பாகச் சொல்ல வரவில்லை. ஒப்பந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஜமாஅத்தின் ஆலிமிடம் கேளுங்கள். கடைக்காரரின் வாய்ச்சொல்லை மட்டும் அவரிடம் கொண்டுபோகாதீர்கள். எங்கள் வீட்டில் ஓர் எல்லை போட்டோம்: கையிலிருக்கும் சேமிப்புக்குள் வருவது எதுவோ அதுதான் வாங்கப்படும். அந்த எல்லை போட்டவுடனேயே பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மகன் சொன்ன காரணங்களில் நியாயமானதும் ஒன்று இருந்தது. ஐபோன் நெடுநாள் உழைக்கும் என்றான். அது உண்மை. 2015இல் வந்த ஐபோன் 6எஸ், 2021இல் வெளியான ஐஓஎஸ் 15 வரை ஏற்றது. அன்றைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பல இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. ஆனால் நிலைமை மாறியிருக்கிறது. 2023இல் பிக்சல் 8 கைபேசிக்குக் கூகுளும், 2024இல் கேலக்ஸி எஸ்24 கைபேசிக்குச் சாம்சங்கும் ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. விலை குறைந்த மாடல்களுக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. ஆகவே எந்தக் கைபேசியானாலும், 'கேமரா எத்தனை மெகாபிக்சல்' என்று கேட்பதற்கு முன் 'பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டுக்கு' என்று கேளுங்கள். விலையை அந்த ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். வீண்விரயம் எது, சிக்கனம் எது என்பது அந்தக் கணக்கில் தெரிந்துவிடும். எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டித் திரும்ப ஓட்டிப் பழகிய கோவைக்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐபோனில் நம் தகவல் பத்திரமாக இருக்கும் என்பது மகனின் இரண்டாவது காரணம். இதில் நாம் கவனிக்க வேண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. முஸ்லிம் புரோ என்ற தொழுகை நேரச் செயலியைப் பயன்படுத்தியவர்களின் இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்குச் சென்றதையும், அந்நிறுவனத்திடம் தரவு வாங்கியவர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததையும் 2020 நவம்பரில் மதர்போர்டு இதழ் வெளிப்படுத்தியது. அந்நிறுவனத்துடனான தொடர்பைத் துண்டிப்பதாகச் செயலியினர் அறிவித்தார்கள். அடுத்த மாதமே ஆப்பிள், கூகுள் இரண்டும் எக்ஸ்-மோடின் நிரலைச் செயலிகளிலிருந்து நீக்கும்படி உத்தரவிட்டன. அந்தச் செயலி இரண்டு தளங்களிலும் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். தளம் மாறியதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. தொழுகை நேரம் பார்க்கத் துல்லியமான இருப்பிடம் தேவையே இல்லை, தோராயமானது போதும். ஐஓஎஸ் 14 முதலும் ஆண்ட்ராய்டு 12 முதலும் அப்படிக் கொடுக்கும் வசதி உள்ளது. புதுக் கைபேசியில் செயலியை நிறுவியதும், அஸர் நேரத்துக்கு ஹனஃபியா, ஷாஃபியா என்ற தேர்வையும் ஒருமுறை சரிபாருங்கள். அது மாறியிருந்தால் நம் பள்ளியின் பாங்குக்கும் கைபேசி காட்டும் நேரத்துக்கும் பொருந்தாது.

பிள்ளைகளின் கையில் கைபேசி இருக்கும் வீடுகள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். குழந்தையிடம் ஆண்ட்ராய்டு இருந்தால், பெற்றோரிடம் எந்தக் கைபேசி இருந்தாலும் கூகுளின் ஃபேமிலி லிங்க் மூலம் கண்காணிக்கலாம். குழந்தையிடம் ஐபோன் இருந்தால், ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் வழியாகத் தொலைவிலிருந்து கவனிக்கப் பெற்றோரிடமும் ஆப்பிள் கருவி வேண்டும். ஒருவர் தளம் மாறுவது முழுக் குடும்பத்தையும் இழுத்துச் செல்லக்கூடும். அந்தச் செலவு கடையில் சொல்லப்படும் விலையில் இராது.

இத்தனை யோசித்தும் எங்களைக் கடைசியாகத் தடுத்தது வேறொன்று. இரண்டாண்டுகளுக்கு முன் வஃபாத்தான அத்தாவின் குரல் பதிவுகள் அந்தப் பழைய கைபேசியின் வாட்ஸ்அப்பில் இருந்தன. பெரிய செய்தி எதுவும் அவற்றில் இல்லை. "உக்கடம் பக்கம் வந்தா பழம் வாங்கிட்டு வாப்பா", "மஃக்ரிபுக்கு முன்னால வந்துரு", இவ்வளவுதான். ஆண்ட்ராய்டிலிருந்து கூகுள் டிரைவில் எடுத்துவைத்த வாட்ஸ்அப் காப்பு ஐபோனில் திறக்காது. 2022 முதல் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலி வழியாக நேரடியாக மாற்ற வழி உண்டு. ஆனால் புது ஐபோனை முதன்முதலில் அமைக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். தவறவிட்டால் ஐபோனை முழுதும் அழித்துத் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். தளம் மாறுவோர் இதை முன்கூட்டியே அறிந்து, எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்டும் பார்த்தும் உறுதிசெய்த பிறகே பழையதை அழியுங்கள். விட்டுச் சென்றவர்களின் குரல் நம்மிடம் உள்ள அமானிதம்.

இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாராவும் செய்தோம். கைபேசிக்கெல்லாம் இஸ்திகாராவா என்று சிலர் சிரிக்கக்கூடும். எல்லாக் காரியங்களிலும் இஸ்திகாரா செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கற்றுக்கொடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. சிறிய காரியம் என்று அதில் விலக்கு இல்லை.

கடைசியில் சேமிப்புக்குள் அடங்கிய, நீண்டகால அப்டேட் உள்ள ஓர் ஆண்ட்ராய்டு கைபேசியை ரொக்கம் கொடுத்து வாங்கினோம். பழையதற்கு மின்கலம் மாற்றி, சிம்மையும் வங்கிச் செயலிகளையும் நீக்கி, அம்மாவின் தலைமாட்டில் வைத்திருக்கிறோம். ஃபஜ்ருக்குப் பின் கிராஅத் கேட்கிறார். சில நாள் அத்தாவின் குரலையும் கேட்கிறார்.

ஐபோன் வாங்குவோரை நாங்கள் குறை கூறவில்லை. ஹலாலான சேமிப்பும் உண்மையான தேவையும் இருந்தால் மனநிறைவோடு வாங்குங்கள். ஆனால் கல்யாண வீட்டில் மேசைமேல் எடுத்து வைப்பதற்காக, கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வாங்க வேண்டாம். மகனுக்கு இன்னும் சிறிது வருத்தம்தான். வேலைக்குப் போய்த் தன் சம்பளத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். இன்ஷா அல்லாஹ், அப்போது நாங்களும் கூடவே கடைக்குப் போவோம்.

வஸ்ஸலாம்.