தடித்த தந்தியின் வழக்கு

பாஸ் கிட்டார் வாசிப்போர் இருவர் சந்தித்தால், நலம் விசாரித்த மறுகணமே பேச்சு கருவியின்மீது திரும்பிவிடுகிறது. மழமழப்பான தட்டைச் சுற்றுத் தந்தி மேலா, சொரசொரப்பான உருண்டைச் சுற்றுத் தந்தி மேலா? பழந்தந்தியைக் கழற்றலாமா, ஆகாதா? இவ்வழக்கிற்கு முடிவு இல்லை. எவரேனும் ஒருவர் ஜேம்ஸ் ஜேமர்சனைச் சாட்சிக்கு அழைத்துவிடுவார்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்திற்காக வாசித்தவர் அவர். லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பாஸ் வகையில், 1962ஆம் ஆண்டுக் கருவியொன்று அவரிடம் இருந்தது. அதில் தட்டைச் சுற்றுத் தந்திகளே, அறுந்தாலன்றி மாற்றமாட்டார். அதிர்வைத் தணிக்க மூடிக்குள் பஞ்சுத் துண்டு. மீட்டியதோ வலக்கரத்தின் சுட்டுவிரல் ஒன்றே! ஆளுயரப் பாஸ் வயலினில் முன்னரே உரமேறிய விரல் அது.

தந்தி வழக்கை அன்பர்களுக்கே விட்டுவிடுவோம், வாசகர்களே. நம் உள்ளத்தைத் தைப்பது வேறொன்று. 1964இல் பதிவான 'மை கேர்ள்' பாடலின் தொடக்கத்தில் தனித்தொலிக்கும் தாழ்ந்த சுரங்கள் அவருடையவை. உலகமே கேட்டது. மீட்டியவர் யாரென்று வினவியவர் எத்தனை பேர்? இசைத்தட்டில் பாடியோர் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை. மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டில்தான் அது முறையாக அச்சேறியது. மறு ஆண்டே நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பெயர்ந்தது. குடியும் அவரை விடவில்லை. 1983இல், 47ஆம் வயதில் மறைந்தார். ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் அவரை ஏற்றுக்கொண்டது 2000இல்.

அந்த 1962ஆம் ஆண்டுக் கருவியோ, அவர் மறைவுக்குச் சற்றுமுன் களவு போயிற்று.