ஓய்வு நேரமும் நம் கையிருப்பே



கடை சாத்திய பிறகும் கணக்கு, வார விடுமுறையிலும் பாக்கி வசூல் என்றே நம் காலம் ஓடுகிறது. பிள்ளைகளிடம் சாவியை ஒப்படைத்த பின்னும், வேறொன்றும் தெரியாததால் கல்லாவருகே வந்து அமர்ந்து அவர்களோடு மல்லுக்கு நிற்கிறோம். ஆளுக்கொரு பொழுதுபோக்கு இப்போதே வேண்டும் என்பது நமது கருத்து.

நேரம் ஏது, காசு ஏது என்பீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். தொழிலைப் பார்த்துக்கொண்டே பழைய புத்தகங்களைச் சேர்த்தார். நாடக நோட்டீசைக்கூட விடவில்லை. 1992-ல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள் சேர்ந்திருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. 1994-ல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

நாமோ, பாட்டனார் காலத்துப் பேரேட்டையும் விலைப்பட்டியலையும் எடைக்குப் போடுகிறோம். அன்றைய துவரம்பருப்பு விலையும் வண்டிக்கூலியும் வேறெங்கே கிடைக்கும்? அவற்றைத் தேடிச் சேர்ப்பது நம் தொழிலுக்கேற்ற பொழுதுபோக்கு. சேர்த்ததைப் பூட்டி வைக்காமல், மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து நாலு பேருக்குக் காட்டுங்கள். பார்க்கும் இளையவர்களுக்கும் ஆசை பிறக்கும். இதற்கெனச் சங்கக் கட்டிடத்தில் ஓர் அலமாரி ஒதுக்கித் தருமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.