எழுத்து ஏன் அடக்கமா இருக்கணும்?

2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியைக் கொளுத்தினார்கள். அடுத்த மாதமே, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங்கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்றார் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ்.

துணிமேல் என்ன கோபம்? தஞ்சைச் சீமைக்கு இது புதுசில்லை. பண்ணைக்கு முன்னால் எங்க தாத்தன் தோளில் துண்டு போட முடியாது, கக்கத்தில் இடுக்கணும். சாணிப்பாலும் சவுக்கடியும் கண்ட உடம்பு அது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள்.

அந்த உடம்பின் பேரன் இன்னிக்கு நீலச் சட்டை போடுறான். நெஞ்சில் 'ஜெய்பீம்'. தடிச்ச எழுத்து, சாய்ஞ்ச எழுத்து, சுழியை வாலாக இழுத்துவிட்ட எழுத்து. பிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்னு, "இன்னும் பெருசா வைண்ணே" என்கிறான். மேலத்தெருவிலிருந்தே படிக்கணும் அவனுக்கு.

ரசனைக்காரர்கள் இதைக் கூச்சல் என்கிறார்கள். கூச்சல்தான்! குனிஞ்சு பேசச் சொன்ன ஊரில் எழுத்து மட்டும் ஏன் அடக்கமா இருக்கணும்?

தம்பிகளுக்கும் ஒண்ணு. பேனரில் நடிகன் பெயர் ஆறடி, வெண்மணி மூலையில் பொடி எழுத்து. இது யார் கணக்கு? எழுத்தின் அளவும் அரசியல்தான். அம்பேத்கர் கோட்டுப் போட்டது அழகுக்கு மட்டுமா?